சிவப்புப் பேனையை வைத்துவிட்ட பிறகு

இதனை வாசிக்கும் உங்களில் பலர் ஏதோ ஒரு சங்கத்தின் தலைவியாகவோ, செயலாளராகவோ, பொருளாளராகவோ இருப்பீர்கள். மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், சிறுசேமிப்புக் குழு, கோழி வளர்ப்புக் குழு என்று போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் குழுக்களுக்குக் குறைவில்லை. நீங்கள் விரும்பிப் போகாவிட்டாலும் கூட்டத்தில் யாராவது ஒருவர் உங்கள் பெயரைச் சொல்ல, இன்னொருவர் ஆமோதிக்க, நீங்கள் தலைவியாகி வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள். அன்றிரவு அடுப்படியில் நின்றுகொண்டு, "எனக்கேன் இந்த வேலை?" என்று யோசித்தும் இருப்பீர்கள்.

அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகின்றேன். நான் வழிநடத்தியது பெரிய நிறுவனம் ஒன்றையல்ல. நான்கு பெண்களைக் கொண்ட ஒரு சிறிய குழுவை. அந்த நால்வரிடமிருந்து நான் பெற்றது அதிகம். ஆனால் அதைப் பெறுவதற்கு முன்னர் அந்தக் குழுவை நான் கெடுக்கப் பார்த்தேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2009ஆம் ஆண்டு எனக்குப் பத்தொன்பது வயது. செட்டிக்குளம் முகாமில் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை எழுதினேன். தறப்பாள் கூடாரத்துக்குள் குப்பி விளக்கில் படித்து, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, சமூகவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றேன். பட்டம் பெற்ற பின்னர் கள உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்தேன். 2019 தை மாதம் கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேசத்துக்கு என்னை இணைப்பாளராக நியமித்தார்கள். நியமனக் கடிதத்தை அம்மாவிடம் காட்டியபோது அவர் அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

எனக்குத் தரப்பட்ட குழுவில் நால்வர் இருந்தனர். மூத்தவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இடப்பெயர்வுகளால் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், போரின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தவர். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றே அழைத்தார்கள். இரண்டாமவரின் கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. மூன்றாமவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை, யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் பொருத்திய செயற்கைக் காலுடன் சைக்கிள் ஓடித்தான் வேலைக்கு வருவார். நான்காமவர் உயர்தரம் முடித்த, அம்மம்மாவுடன் வளர்ந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. ஒவ்வொருவருக்கும் இருபத்தைந்து வீடுகள். பெரும்பாலும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள். கிழமைதோறும் அந்த வீடுகளுக்குப் போவது, கதைப்பது, தேவையான இடத்துக்குத் தொடர்புபடுத்துவது, மாத முடிவில் அறிக்கை எழுதித் தருவது, இவைதான் அவர்களுடைய வேலை.

பல்கலைக்கழகத்தில் மக்ஸ் வெபரைப் படித்திருந்தேன். அதிகாரம் மூன்று வழிகளில் மனிதர்களால் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது என்பார் அவர். காலங்காலமாக வரும் மரபினால் ஒன்று, ஒருவருடைய ஆளுமையின் ஈர்ப்பினால் இன்னொன்று, சட்டத்தினாலும் பதவியினாலும் மற்றொன்று. என்னிடம் இருந்தது மூன்றாவது மட்டும்தான், அதாவது அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் வைத்த அந்தக் கடிதம். வயதில் நான் பெரியக்காவின் மகளைப் போன்றவள். எந்த வீட்டில் எந்தப் படலை என்பதுகூட எனக்குத் தெரியாது. இந்தக் குறையை மறைக்க நான் எடுத்த ஆயுதம் ஒரு சிவப்புப் பேனை.

அறிக்கைகள் வந்ததும் அவற்றைத் திருத்துவேன். எழுத்துப்பிழை, வசனப்பிழை, திகதி இல்லை, படிவத்தின் நான்காம் பகுதி நிரப்பப்படவில்லை என்று ஒவ்வொன்றாகக் கீறுவேன். திருப்பி எழுதச் சொல்வேன். பெரியக்காவின் அறிக்கையை ஒரே மாதத்தில் மூன்று தடவை திருப்பிக் கொடுத்திருக்கின்றேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். "சரி மிஸ்" என்று வாங்கிக்கொண்டு போவார். நால்வரும் என்னை "மிஸ்" என்றுதான் அழைத்தார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் மாதத்திலிருந்து பெரியக்காவின் அறிக்கைகளில் பிழைகள் குறைந்தன. ஏனென்றால் வசனங்களே குறைந்துவிட்டன. "வீட்டுத் தரிசிப்புச் செய்யப்பட்டது. பிரச்சினை இல்லை." இருபத்தைந்து வீட்டுக்கும் இதே இரண்டு வசனங்கள்தான். நான் அதைப் பார்த்து, பரவாயில்லை, ஆள் முன்னேறிவிட்டார் என்று சந்தோசப்பட்டேன். எங்கள் ஊரில் எந்த வீட்டில்தான் பிரச்சினை இல்லை என்ற சாதாரணக் கேள்வி, சமூகவியல் படித்த எனக்கு வரவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் பெரியக்காவின் பகுதிக்குத் தனியாகப் போனேன். ஒரு வீட்டில் பதின்நான்கு வயதுப் பிள்ளையொன்று பள்ளிக்கூட நேரத்தில் வாசலில் இருந்தது. "அம்மா எங்க?" என்று கேட்க, "அம்மா இல்லை, எப்ப வருவாவெண்டு தெரியாது" என்று பாடமாக்கி வைத்ததைப் போலச் சொன்னது. கொஞ்ச நேரத்தில் பின்வளவுப் பக்கமிருந்து தாய் வந்தார். கடன் கட்டணம் சேகரிக்க வருபவர் என்று நினைத்து ஒளிந்திருந்திருக்கின்றார்.

அவருக்கு நான்கு இடங்களில் கடன். முதலாவதைக் கோழிக்கூடு போட எடுத்தது. இரண்டாவது, முதலாவதைக் கட்ட எடுத்தது. மூன்றாவதும் நான்காவதும் அப்படித்தான். தோடு அடைவில். கிழமையில் நான்கு நாள் யாராவது ஒருவர் காசு கேட்டு வருவார். வருபவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே மூத்த பிள்ளையை மறித்து வைத்திருந்தார். 2018ஆம் ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அது இந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே பெரியக்காவின் வீட்டுக்குப் போனேன். "பிரச்சினை இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். இவ்வளவு பிரச்சினையும் உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

அவர் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, ஒரு கதிரையை எடுத்துப் போட்டு, "இருங்கோ மிஸ்" என்றார். பிறகு சொன்னார்:

"எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். செவ்வாய்க்கிழமைதான் அந்தக் கத்திப் பேசுற ஆள் காசுக்கு வாறது. அதாலதான் செவ்வாய்க்கிழமையில நான் அங்க போய் இருக்கிறனான். ஆக்கள் இருந்தால் சத்தம் போடமாட்டார். பிள்ளைக்கும் பாடக் கொப்பியளை வேண்டிக் குடுத்தனான்."

"பிறகேன் எழுதேல்லை?"

"எழுதினால் நீங்கள் சிவப்பால கீறித் தருவீங்கள். என்ர பிழையைக் கீறினால் பரவாயில்லை மிஸ். அந்தப் பிள்ளை அழுதழுது சொன்ன கதையையும் சேத்தெல்லோ கீறுறீங்கள். அதுதான் எழுதேல்லை."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் தந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, "நான் செய்தது பிழை பெரியக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் ஒன்றையே யோசித்தேன். பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் கதைக்கும்போது இடையில் குறுக்கிடக்கூடாது, திருத்தக்கூடாது, முதலில் கேட்க வேண்டும் என்று நான்தான் இந்த நால்வருக்கும் பயிற்சி கொடுத்தேன். ஆனால் அவர்களும் பாதிக்கப்பட்ட பெண்கள்தான் என்பதை மறந்துபோனேன். அவர்கள் எந்த முறையில் அந்த வீடுகளில் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேனோ, அந்த முறையில் நான் அவர்களைக் கேட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தைக் கந்தோருக்குள் வைக்கவில்லை. பின்பக்கத்து வேப்பமரத்தின் கீழ் பாயை விரித்தோம். முதல் ஒரு மணித்தியாலம் கொப்பியும் பேனையும் எடுப்பதில்லை என்று சொன்னேன். வழமையாக நான் கேட்கும் முதற்கேள்வி, "இந்தக் கிழமை எத்தனை வீடு போனீங்கள்?" என்பது. அதற்குப் பதிலாக, "இந்தக் கிழமை எந்த வீடு உங்களோட உங்கட வீடு வரைக்கும் வந்தது?" என்று கேட்டேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானே தொடங்கினேன். பின்வளவிலிருந்து வந்த அந்தத் தாயைப் பற்றியும், பெரியக்காவுடைய அறிக்கைகளை நான் நடத்திய விதத்தைப் பற்றியும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சொல்வது இலகுவாக இருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள்.

அன்று இரண்டாமவர் சொன்ன விடயம் எங்கள் வேலை முறையையே மாற்றியது. காணாமற்போனோர் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப உதவும் பொறுப்பை நான் அவருக்குத் தந்திருந்தேன். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. 2018இலிருந்து அந்த அலுவலகம் இயங்கத் தொடங்கியபோது பல பெண்கள் மீண்டும் ஒருமுறை எல்லாத் திகதிகளையும் இடங்களையும் சொல்ல வேண்டியிருந்தது. "நீங்கள் அனுபவப்பட்டவர், உங்களுக்கு விளங்கும்" என்று சொல்லித்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்தேன். அது பெருமை என்று நினைத்தேன். ஒவ்வொரு படிவமும் நிரப்பிய இரவு தனக்கு நித்திரை இல்லை என்று அன்றுதான் சொன்னார். "அப்ப வேற ஆளுக்கு மாத்துவமா?" என்று கேட்டேன். "வேண்டாம், அதை நான்தான் செய்வன். ஆனால் தனியப் போகேலாது" என்றார். அன்றிலிருந்து பாரமான வீடுகளுக்கு இருவராகப் போவது எங்கள் வழக்கமாயிற்று. ஒருவருடைய வேலையை இலகுவாக்க அதைப் பறித்தெடுக்க வேண்டியதில்லை, என்ன வேண்டும் என்று கேட்டாலே போதும் என்பதை நான் அங்கே கற்றேன்.

அறிக்கை விடயத்துக்கும் வழி கண்டோம். பெரியக்கா வாயால் சொல்வார், இளையவள் எழுதுவாள், எழுதியதை வாசித்துக் காட்டுவாள், பெரியக்கா "ஓம்" என்றால்தான் அது கோப்புக்குப் போகும். நான் சிவப்புப் பேனையை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். இந்த ஏற்பாட்டில் இளையவளுக்குக் கிடைத்த பயிற்சி நான் நடத்திய எந்தப் பட்டறையிலும் கிடைத்திராது. ஒரு வீட்டுக்குள் போனவுடன் அடுப்பைப் பார்ப்பது, சாம்பல் குளிர்ந்திருந்தால் சாப்பாட்டைப் பற்றி நேரே கேட்காமல் வேறு கதை கதைப்பது, பிள்ளை முன்னால் கடனைப் பற்றிக் கேட்காதது என்று எல்லாவற்றையும் அவள் பெரியக்காவின் வாயிலிருந்து எழுதி எழுதியே படித்தாள். ஒரு வருடத்துக்குள் பெரியக்காவும் தன் கையாலேயே அரைப்பக்கம் எழுதத் தொடங்கினார். அதில் பிழைகள் இருந்தன. ஆனால் அவர் எழுதிய அரைப்பக்கத்தில் ஒரு முழு வீடு தெரிந்தது.

கடன்பட்ட அந்தத் தாயின் கதை என்னவானது என்று கேட்பீர்கள். அது ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. முதலில் அவருடன் இருந்து நான்கு கடன்களையும் ஒரு தாளில் எழுதினோம். எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கட்டியது, எவ்வளவு மிச்சம் என்று எழுதிப் பார்த்தபோதுதான், முதலாவது கடனுக்கு எடுத்த தொகைக்கு மேலாகவே கட்டிவிட்டார் என்பது அவருக்கே தெரியவந்தது. கிராம அலுவலரிடமும், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் போனோம். சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்டோம். தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி நான்கு இடத்துக்கும் கடிதம் கொடுத்தோம். இரண்டு இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஒன்றில் இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் சம்மதித்தார்கள். நான்காவதை அவர் நெடுநாள் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் பிள்ளை அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் போனது. இதில் நான் செய்தது கடிதத்தில் கையெழுத்திட்டது மட்டும்தான். தாளில் எழுதிப் பார்க்கலாம் என்ற யோசனை இளையவளுடையது. அந்தத் தாய் தாளை எடுத்து வரச் சம்மதித்ததோ பெரியக்கா செவ்வாய்க்கிழமைகளில் போய் இருந்ததால்.

2022ஆம் ஆண்டு வந்தது. எரிபொருள் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. கியூ.ஆர். முறை வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். கிளிநொச்சி நகரத்தில் இருந்த நான் நினைத்தபடி களத்துக்குப் போக முடியவில்லை. தொலைபேசியில் எடுத்தால் "நாங்கள் பாக்கிறம், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்பார்கள். எனக்கு யோசனை குறையவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது, அவர்கள் நூறு வீடுகளையும் தங்களுக்குள் மாற்றிப் பங்கிட்டிருந்தார்கள். யாருடைய வீட்டுக்கு எது கிட்டவோ அதை அவர் சைக்கிளில் போய்ப் பார்ப்பது. செயற்கைக் காலுடன் தூரம் ஓட முடியாத மூன்றாமவர் தொலைபேசி வேலையையும் பதிவையும் எடுத்துக்கொண்டார். சிறுபிள்ளைகளும் வயோதிபரும் உள்ள, அடுப்பு எரியாத வீடுகளைத் தனியாகப் பட்டியலிட்டு, மாதர் சங்கத்துடன் கதைத்து, மத்தியானத்தில் ஒரு பொதுச் சமையலும் தொடங்கியிருந்தார்கள். மரவள்ளியும் முருங்கை இலையும் வளவுகளில் இருந்து வந்தன. அரிசியை ஆளுக்கொரு சுண்டாகச் சேர்த்தார்கள்.

"இதை எனக்குச் சொல்லேல்லையே?" என்று கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் படிவம் தருவீங்கள் எண்டு பயம், பிள்ளை" என்றார் பெரியக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், அவர் என்னை "மிஸ்" என்று சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், அன்று சந்தோசத்தோடு ஒரு சிறு வெறுமையும் வந்தது. நான் இல்லாமலே வேலை நடக்கின்றதே, அப்படியானால் நான் எதற்கு என்ற எண்ணம். வளர்ந்த பிள்ளை தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது தாய்க்கு வரும் எண்ணம் போன்றது அது. ஆனால் வெபர் சொன்ன மூன்றில் எதுவும் எங்கள் நடுவில் அப்போது இருக்கவில்லை. என்னுடைய கடிதத்துக்காக யாரும் எதையும் செய்யவில்லை. ஒருவரையொருவர் நம்பியதால் செய்தார்கள். அந்த நம்பிக்கைக்குள் எனக்கும் ஓர் இடம் இருந்தது. மாதச் சம்பளத்தை விட அது பெரியதாகத் தெரிந்தது. அகதியாக அலைந்த நாட்களிலிருந்து எனக்குள் இருந்த தனிமை அந்த வேப்பமரத்தின் கீழ்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

இன்று அந்தக் குழு அப்படியே இல்லை. திட்டங்கள் முடிவதும் ஆட்கள் மாறுவதும் எங்கள் வேலையில் வழமை. பெரியக்கா முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டார். ஆனால் கிராமத்தில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் அவரிடம்தான் போகின்றார்கள். இரண்டாமவரும் மூன்றாமவரும் இன்னும் என்னோடு இருக்கின்றார்கள். இளையவள் வேறு பிரதேசமொன்றில் மூன்று பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாக இருக்கின்றாள்.

போன மாதம் ஓர் இரவு அவள் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, எங்கட ஆக்களில ஒராள் எல்லா வீட்டுக்கும் பிரச்சினை இல்லை எண்டே எழுதுறா. என்ன செய்யலாம்?"

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆனால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அறிக்கையைத் திருப்பிக் குடுக்கேல்லை அக்கா. நாளைக்கு அவவோட சேர்ந்து அந்த வீடுகளுக்கு ஒருக்காப் போய்ட்டு வரப்போறன்."

தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் எனக்கு நித்திரை வரவில்லை. அது கவலையினால் அல்ல.

சகோதரிகளே, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எப்போதும் பேசாமல் கடைசி வரிசையில் இருக்கும் அந்த அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்து பாருங்கள். அவருக்கு எழுத வராமல் இருக்கலாம். ஆனால் எந்த வீட்டில் எந்தக் கிழமையில் யார் போய் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கூட்டறிக்கைக் கொப்பியை ஒருமுறை இன்னொருவரிடம் எழுதக் கொடுங்கள். பிழை வந்தால் வரட்டும். எனக்கு ஏன் இந்த வேலை என்று அன்றிரவு அடுப்படியில் கேட்டீர்கள் அல்லவா? அதற்கான பதில் அந்தக் கொப்பிக்குள் மெல்ல மெல்ல எழுதப்படும், உங்கள் கையெழுத்தில் அல்ல, அவர்களுடைய கையெழுத்தில்.